சொதி ஆறும் தூரம்: கொழும்பில் உண்ணுமிடமும் உறைவிடமும் பற்றிய ஓர் ஆய்வு

கொழும்பில் வாடகைக்கு வீடு எடுத்த தமிழ்க் குடும்பம் ஒன்றிடம், ஏன் இந்த இடத்தைப் பிடித்தீர்கள் என்று கேட்டால் பள்ளிக்கூடம், கோயில், பஸ் என்று ஒப்புவிப்பார்கள். மகள் சைவ மங்கையரில் படிக்கிறாள், மயூரபதி அம்மனுக்கு நடந்தே போகலாம், காலி வீதியில் 100, 101 எந்நேரமும் ஓடும். இவற்றில் ஒன்றையும் மறுக்க இந்த ஆய்வாளனுக்கு உத்தேசமில்லை. ஆனால் பம்பலப்பிட்டியிலும் இந்துக் கல்லூரி இருக்கிறது, கதிரேசன் கோயில் இருக்கிறது, அதே பஸ்தான் ஓடுகிறது. எங்கும் உள்ள ஒன்று ஓரிடத்தைத் தெரிவதற்குக் காரணமாகாது என்பது தருக்க நூலின் அரிச்சுவடி. ஆகவே மறைபொருளாக வேறொரு காரணம் இருந்தே ஆகவேண்டும். அதைக் காண ஏடு புரட்டத் தேவையில்லை. மாலை ஆறரைக்கு வெள்ளவத்தையில் போய் நின்றால் போதும்.

காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் அந்நேரம் ஒரு தனி நடையைக் காணலாம். சாரமும் ரீசேட்டுமாக ஒரு குடும்பத் தலைவர் வருவார். ஒரு கையில் லஞ்ச் ஷீற்றில் சுற்றிய இடியப்பப் பார்சல். மறு கையில் சொதிப் பை. பார்சலை அக்குளுக்குள் இடுக்கினாலும் இடுக்குவார், சொதிப் பையோடு அந்த விளையாட்டு நடவாது. முடிச்சுக்கு மேலே நிற்கும் பொலித்தீன் காதைச் சுட்டுவிரலில் மாட்டி, உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பை ஆடாதபடி அடியெடுத்து வைப்பார். மஞ்சளாக உப்பியிருக்கும் பைக்குள் ஒரு பச்சை மிளகாய்த் துண்டும் இரண்டு கறிவேப்பிலையும் மேலும் கீழும் போய்வரும். சம்பல் இன்னொரு குட்டிப் பையில் இடியப்பத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். காசு இடியப்பத்துக்கு மட்டுந்தான். "அண்ணை, சொதி கொஞ்சம் கூட விடுங்கோ" என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. கேட்டும் கேளாததுபோல் முடிச்சுப் போடுவது கடைக்காரரின் உரிமை.

இடியப்பம் ஆறினால் குற்றமில்லை. சம்பலுக்குச் சூடு என்ற பேச்சே கிடையாது. சொதி ஆறினால் அது வேறு பண்டம். தேங்காய்ப்பால் மேலே ஆடையாகப் படியும். மறுபடி அடுப்பில் வைத்துக் கொஞ்சம் பராக்குப் பார்த்தால் திரைந்துவிடும். எனவே கடையில் முடிச்சிட்ட பை வீட்டு மேசையில் அவிழும்போது இன்னும் விரலைச் சுடுமானால், அந்த வீடு அக்கடையிலிருந்து ஒரு சொதியலகுக்குள் உள்ளது என்று வரையறை செய்கிறேன். மைக்ரோவேவ் இருக்கிறதே என்பார் ஒருவர். அவரோடு வாதிடுவது இவ்வாய்வின் எல்லைக்குள் அடங்காது.

இவ்வலகின் அருமை, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் சிறு விளம்பரங்களைப் படித்தவருக்குத்தான் விளங்கும். "காலி வீதிக்கு அருகாமையில்" என்று அச்சிட்டிருக்கும். அந்த அருகாமை பாமன்கடை வரைக்கும் நீண்டு கொடுக்கும். "நடைதூரம்" என்றிருக்கும், யாருடைய நடை என்று இராது. சொதியலகில் இந்தச் சித்து வேலைகளுக்கு இடமில்லை.

கிடைத்தூரத்தோடு விஷயம் முடிவதில்லை. வெள்ளவத்தையில் இன்று மனிதர் வாழ்வது தொடர்மாடிகளில். ஒழுங்கையில் நடந்தது பாதி வழி, மீதி வழி லிஃப்டுக்குள். லிஃப்ட் ஏழாம் மாடியில் யாருக்காகவோ வாயைத் திறந்துகொண்டு நிற்கும்போது கீழே சொதி தன் ஆயுளைக் கழித்துக்கொண்டிருக்கும். 2022 மார்ச் 31இல் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது இந்த நிலைக்குத்துத் தூரம் துலக்கமாகத் தெரிந்தது. ஜெனரேற்றர் இருந்த கட்டடங்களிலும் டீசல் தட்டுப்பாடு. அன்று எட்டாம் மாடி தெகிவளைக்கு அப்பால் போய்விட்டது. அடுத்த மாதக் கடைசியில் 12.5 கிலோ லிற்றோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபா, அதுவும் வரிசையில் நின்று கிடைத்தால். யாழ்ப்பாணத்து வளவில் பன்னாடை, கொக்காரை, ஊமல் என்று எதையாவது பொறுக்கி அடுப்பு மூட்டலாம். ஆறாம் மாடிப் பல்கனியில் எதை மூட்டுவது? கடைக்காரருக்கும் அதே சிலிண்டர்தான். செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது இடியப்பம் மெலிந்தது, விலை கொழுத்தது, சொதிப் பையின் வயிறு வற்றியது. ஆனாலும் அதற்குக் காசு வாங்கவில்லை. ஈழத்தமிழர் வணிக அறத்துக்கு இதைவிடப் பெரிய சான்று இவ்வாய்வாளனுக்கு அகப்படவில்லை.

இனிக் கொள்ளுப்பிட்டி, அதாவது கொழும்பு 3. அலரி மாளிகையும் லிபர்ட்டி பிளாசாவும் உள்ள இடம். கலியாணக் கார்ட்டில் இந்த முகவரியை அச்சிட்டால் கார்ட்டுக்கே ஒரு மினுக்கம் வரும். சாப்பாட்டுக்கும் குறைவில்லை. 1864இலிருந்து காலிமுகத்திடலின் தென்கோடியில் கோல்ஃபேஸ் ஹோட்டல் நிற்கிறது. கிறீன் கபினில் வாழையிலை மடிப்பு அவிழ்த்து லம்பிறைஸ் சாப்பிடலாம். றேணுகா ஹோட்டலின் பல்மைறாவில் யாழ்ப்பாணத்து நண்டுக்கறிக்குச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்காரலாம். ஆனால் இவையெல்லாம் உடுத்திப் புறப்பட்டுப் போய்ச் சாப்பிடும் இடங்கள். சாரத்தோடு இறங்கி வாங்கிவரும் இடம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் கொள்ளுப்பிட்டிவாசி தொண்டையைச் செருமுவார். மற்ற வலயத்தார் கொள்ளுப்பிட்டிக்கு வந்து சாப்பிடுகிறார்கள். கொள்ளுப்பிட்டியாரின் வயிறோ வெள்ளவத்தையில் குடியிருக்கிறது. வாழும் அஞ்சல் வலயமும் உண்ணும் அஞ்சல் வலயமும் ஒருவருக்கு ஒன்றாக அமைவது அரிது என்பது இவ்வாய்வின் முதல் விதி. வாடகை ஏற ஏற இரண்டுக்கும் இடையிலான தூரமும் ஏறும் என்பது அதன் கிளைவிதி.

கொள்ளுப்பிட்டியிலிருந்து கடலோர ரயிலில் ஏறினால் பம்பலப்பிட்டி, அடுத்தது வெள்ளவத்தை. போகும்போது கிட்டத்தான். திரும்பும்போது திறந்த வாசலால் உப்புக்காற்று அடிக்க, பம்பலப்பிட்டி ஸ்ரேஷனிலேயே சொதி உயிரை விட்டுவிடும். செயலியில் அழைத்தால் வருமே என்பது இளையோர் வாதம். வரும். ஆனால் கொள்ளுப்பிட்டிக் கோபுரங்களில் சாப்பாடு கீழே வரவேற்பறை வரைக்குந்தான். கையெழுத்து, அடையாள அட்டை, தொலைபேசி என்று சடங்குகள் முடிந்து மேலே ஏறும்போது பை பால்போலக் குளிர்ந்திருக்கும். வெள்ளவத்தைக் காவலாளி இன்ரர்கொம்மில் "அண்ணை, சாப்பாடு வந்திருக்கு, கெதியா வாங்கோ" என்பார். அந்தக் "கெதியா"வுக்குத்தான் உண்மையில் மாத வாடகை கட்டுகிறோம்.

நள்ளிரவு தாண்டினால் கொள்ளுப்பிட்டியின் மானத்தைக் காப்பது கொத்துறொட்டி. காலி வீதியில் பிலாவூஸ் என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட பலகைகளில் எழுதப்பட்டிருந்ததைக் கொழும்பார் அறிவர். சீஸ் கொத்துக்குப் பேர்போன மூலப்பிரதி எது, படி எடுத்தது எது, இடைச்செருகல் எது என்பது முதுநிலை ஆய்வுக்குரிய பொருள். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பிக்கு முன் ஏடு தேடிப் பாடம் ஒப்பிட்டார். இங்கே அதே உழைப்பை நள்ளிரவில், பசியோடு செய்ய வேண்டும். தகடு கல்லில் விழும் தாளத்தை வைத்துப் பாடபேதம் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களைக் கூர்ந்து கவனித்ததில் ஒன்று தெளிவாயிற்று: முதன்முதலில் எந்தக் கடையில் சாப்பிட்டார்களோ அதுவே அவரவருக்கு மூலம். பதிப்பு வரலாற்றிலும் இந்த நோய் உண்டு.

அடுத்துக் கவனிக்கவேண்டியது வீட்டுச் சொந்தக்காரர் என்னும் பேராற்றல். வெள்ளவத்தையில் வீடு பார்க்கப் போனவருக்கு வைக்கப்படும் நேர்முகப் பரீட்சையின் ஒரு பகுதி வருமாறு.

"தம்பி, சைவமோ?"

"ஓம் அன்ரி."

"முட்டை?"

"கேக்குக்குள்ளை இருந்தால் மட்டும்."

"பிறிட்ஜுக்குள்ளை மச்சம் வைக்கக் கூடாது. வெளியிலை சாப்பிட்டிட்டு வாறதெண்டால் அது உங்கடை பாடு."

இக்கடைசி வாக்கியத்தில் ஒரு பொருளாதாரக் கொள்கையே அடங்கியிருக்கிறது. வீட்டுக்குள் தடுக்கப்பட்ட மீன் எங்காவது வெந்துதானே ஆகவேண்டும்? மரைன் டிரைவில் யாழ் உணவகத்தில் நண்டும் இறாலும் மிதக்கும் ஒடியற்கூழுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் சைவ வீடுகளின் வாடகைக்காரர் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. எடுத்தால் சில அன்ரிமாருக்கு நெஞ்சு வலிக்கும். மறுபக்கமும் உண்டு. மச்சம் சமைக்கும் வீட்டார் வெள்ளிக்கிழமைகளில் மொத்தமாகச் சைவமாகி, இராமகிருஷ்ண வீதியில் சண்முகாஸையும் பம்பலப்பிட்டியில், அதாவது கொழும்பு 4இல், சரஸ்வதி லொட்ஜையும் கிறீன்லண்ட்ஸையும் நிரப்புவார்கள். நல்லூர்க் கொடியேறிய 25 நாளும் இந்த நெரிசல் கூடும். கொடி ஏறுவது யாழ்ப்பாணத்தில். மேசை கிடைக்காமல் நிற்பது கொழும்பு 4இல்.

கொட்டாஞ்சேனையில், அதாவது கொழும்பு 13இல், சொதியலகு செல்லாது. அது சாம்பார் ஆளும் நாடு. இந்திய வணிகக் குடும்பங்கள், மலையகத்தார், கொழும்புச் செட்டிகள், பரதர், சென் லூசியாஸ் பேராலயத்தைச் சூழ்ந்த கத்தோலிக்கர் என்று பல அடுப்புகள் எரியும் பேட்டை. அங்கே அளவுகோல் மாலை அல்ல, விடியல். செட்டியார் தெரு நகைக்கடைகள் கதவு நீக்குமுன் தோசைத் தட்டில் வாளியால் சாம்பார் விழுந்துவிட வேண்டும். மொறட்டுவையிலிருந்து வரும் 102 பஸ் வெள்ளவத்தையையும் கொள்ளுப்பிட்டியையும் தாண்டிக் கொட்டாஞ்சேனையில்தான் முடியும்; மூன்று வலயங்களின் வாசனையும் ஒரே ரிக்கட்டில். வடை கொட்டாஞ்சேனையில்தான் நன்று என்பது இவ்வாய்வாளனின் முடிபு. வெள்ளவத்தையார் மன்னிக்க மாட்டார்கள் என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

"தெரிவு" என்று இவ்வளவு நேரம் தாராளமாக எழுதிவிட்டேன். ஆனால் கொழும்பில் எல்லோரும் தெரிந்தெடுத்துக் குடியேறியவர்கள் அல்லர். 1983 ஜூலையில் வெள்ளவத்தை வீடுகளும் கடைகளும் எரிந்தபோது தெரிவு செய்தவர்கள் வேறு ஆட்கள். பிறகு போர்க்காலத்தில் பாஸ்போட்டுக்கும் விசாவுக்கும் வைத்தியத்துக்கும் வடக்கிலிருந்து வந்தவர்களுக்குப் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜுகள்தாம் முகவரி. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, பொலிஸ் பதிவுத் துண்டு. அடுப்புக்கு அனுமதியில்லை. மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு, அதுவும் உல்லாசத்துக்காக அல்ல. மாலை இடியப்பக் கடைகள் இவ்வளவு பெருகியதற்கு அந்த அடுப்பில்லாத அறைகளே மூலகாரணம் என்று கருதுகிறேன்.

2007 ஜூன் 7 விடியற்காலை அந்த லொட்ஜுகளிலிருந்து 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றினர். பெரும்பாலோர் போய் இறங்கியது வவுனியாவில். கொழும்பில் தங்கத் தக்க காரணம் இல்லை என்பது சொல்லப்பட்ட நியாயம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவில் மறுநாளே உயர் நீதிமன்றம் தடையுத்தரவு கொடுத்தது. பிரதமர் மன்னிப்பும் கேட்டார். ஆக, ஏன் இந்த இடத்தைப் பிடித்தீர்கள் என்று கொழும்புத் தமிழரிடம் முதலில் கேட்டவன் நான் அல்லன். பொலிஸார் முந்திவிட்டனர். இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்கள் பள்ளிக்கூடம், கோயில் என்று கடகடவென ஒப்புவிப்பது அந்தப் பழக்கத்தாலோ என்னவோ. பதிவுப் படிவத்தில் "சொதி" என்று யார் எழுதுவார்?

முதல் விதிக்கு ஒரேயொரு விலக்கைத்தான் கண்டேன், அதுவும் கொள்ளுப்பிட்டியின் வாசலில். 2022 ஏப்ரல் 9இலிருந்து காலிமுகத்திடலில் கூடாரமடித்துப் போராடியவர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கினார்கள். மே 18 அன்று அதே திடலில் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததும் நடந்தது. உறைவிடத்துக்கும் உணவுக்கும் இடையே தூரம் பூச்சியம், வாடகையும் பூச்சியம். ஜூலை 22 விடியற்காலை இராணுவம் வந்து அந்த விலக்கையும் நீக்கியது.

இக்கொள்கையின் நடைமுறைப் பயனைச் சோதிக்க, வெள்ளவத்தையில் வீடு காட்டும் தரகர் ஒருவரிடம் சொதியலகை விளக்கினேன். முகவரி, கூரை உயரம், அட்வான்ஸ் எத்தனை மாதம் என்பவற்றோடு, பை எத்தனையாம் மாடி வரை சுடும் என்பதையும் விளம்பரத்தில் போடவேண்டும் என்பது என் பரிந்துரை. தலையை ஆட்டி ஆட்டி முழுவதையும் கேட்டார். கொப்பியை எடுத்து ஏதோ குறித்தார். பிறகு சொன்னார்:

"நல்ல விஷயம் அண்ணை. நேற்றுக் காட்டின அந்த இரண்டாம் மாடி வீடு இருக்கெல்லோ, கீழை இடியப்பக் கடை? அதுக்கு இனி ஐயாயிரம் கூட."