கடாரத்துச் சாப்பு

அம்மா மலேசியாவின் கெடாவில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டினவர். அந்தப் பால் ஷீட்டாகி, கப்பலேறி, பேர் தெரியாத ஊர்களுக்கெல்லாம் போனது. இது யார் வெட்டின பால், சான்று எங்கே என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை. மகன் நான் சுங்கைப் பட்டாணியில் ஒரு கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து ரப்பர் விரிப்பு விற்கிறேன். 2018-இல் நாகப்பட்டினத்து வியாபாரி ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து அங்கே ஒரு கம்பெனி தொடங்க ஆசைப்பட்டேன். ரப்பரில் நிஜமான அதிகாரம் டயரிலும் இல்லை, கையுறையிலும் இல்லை, ரப்பர் ஸ்டாம்பில், எங்கள் ஊர்ப் பேச்சில் சாப்பில், இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

நாகையிலிருந்து ஆடிட்டர் பட்டியல் அனுப்பினார். கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், அமைப்பு விதிகள், இயக்குநர் கூட்டத் தீர்மானம், அதிகாரப் பத்திரம், என் பாஸ்போர்ட். கீழே ஒரு வரி: எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் வாங்கி அனுப்பவும்.

நான் வாய்விட்டுப் படித்தது அம்மா காதில் விழுந்துவிட்டது. “அப்போஸ்தலரா? நாம மாரியம்மன் கோயில்காரங்கன்னு அவங்ககிட்ட சொல்லலியாடா?”

அப்போஸ்டில் என்பது 1961 அக்டோபரில் ஹேக் நகரில் நாடுகள் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிறந்த சான்று. சேர்ந்த நாடுகளுக்குள் ஒரே ஒரு சான்றோடு காகிதம் எல்லை தாண்டிவிடும். இந்தியா 2005-லேயே உள்ளே போய்விட்டது. நான் அலைந்த வருடத்தில் மலேசியா வெளியில் நின்றது. ஒரு கை மட்டும் நீண்டிருந்தால் ஓசை எங்கே வரும்? ஆக, எனக்குச் சுற்றுவழி: கம்பெனிப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் மெய்ப்பிரதி, பிறகு நோட்டரி, பிறகு புத்ராஜெயாவில் வெளியுறவு அமைச்சகமான விஸ்மா புத்ரா, கடைசியில் கோலாலம்பூரில் இந்தியத் தூதரகம்.

கிளம்புவதற்கு முன்பே சண்டை. ஆடிட்டருக்குப் பதிவுச் சான்றிதழாக ‘ஃபாரம் 9’ வேண்டுமாம். 2017 ஜனவரி 31-இல் புதிய கம்பெனிச் சட்டம் வந்ததோடு ஃபாரம் 9 காலமாகிவிட்டது. அதன் இடத்தில் இப்போது 17-ஆம் பிரிவுச் சான்றிதழ். செத்துப்போனவருக்கு ஐசி எடுத்துத் தரச் சொன்னால் எப்படி என்று எங்கள் கம்பெனி செக்ரட்டரி கேட்டார். அது முடிந்தால் பெயர். “சார், உங்க இனிஷியல் ஏ-வா, எல்-லா? நடுவுல கோடு வேற போட்டிருக்கு.” அது ‘அனாக் லெலாக்கி’, இன்னாருடைய மகன் என்று பொருள் என விளக்கினேன். “அப்ப கோடு?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தோட்டத்துக் கிராணி என் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கின கதையை நான் எடுக்கவேயில்லை.

இந்தச் சாப்பு வரிசையின் அழகைச் சொல்ல வேண்டும். நோட்டரி, அட்டர்னி ஜெனரல் நியமித்த வழக்கறிஞர். நான் கையெழுத்திட்டதைக் கண்ணால் பார்த்தவர். விஸ்மா புத்ரா என் காகிதம் சரியென்று சொல்வதில்லை. நோட்டரியின் கையெழுத்து நோட்டரியுடையதுதான் என்கிறது. தூதரகமோ விஸ்மா புத்ரா அதிகாரியின் கையெழுத்து அவருடையதுதான் என்கிறது. மாப்பிள்ளையை யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளையின் சித்தப்பாவைத் தெரிந்தவரைத் தெரிந்தவர் வந்து ‘தங்கமான பையன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். என் கிடங்கில் இருப்பது விரிப்பா எலியா என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை.

நாசி லெமாக் பொட்டலத்தோடு அதிகாலை ரயில் ஏறினேன். ஈப்போ தாண்டியதும் கை சும்மா இருக்கவில்லை. நாகைக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி அசத்தலாமே என்று, நோட்டரி சேர்த்துக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தேன். நாடா வந்தது, கூடவே சிவப்பு முத்திரையும் பிய்ந்து வந்தது. பிரித்த பொட்டலத்தை எந்தக் கடையில் திருப்பி வாங்குவார்கள்? விஸ்மா புத்ரா முகப்பில் இருந்த பெண் பணிவாகத் தலையை ஆட்டினார். தப்பு முழுக்க என்னுடையது. அன்று மாலையே திரும்பும் ரயில்.

ஊரை நெருங்கும்போது ஜெராய் மலை தெரிந்தது. அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, பழைய கடாரம். எங்கள் ஊர் அரசரும் இதே நாகையில் காரியம் பார்த்தவர்தான் என்று நினைவு வந்தது. அவர் அங்கே எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ராசராசன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தான். ராசேந்திரன் அதைச் செப்பேட்டில் வெட்டி நிலைநிறுத்தினான். இருபத்தொரு ஏடு, ஒரு வளையம், புலி பொறித்த முத்திரை. நாடா இல்லை, ரயிலில் அவிழ்க்கவும் முடியாது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்திலும் சரக்குக்கு ஒரே புலி முத்திரைதான். எனக்கு மலேசியச் சின்னத்தின் இரண்டு புலியும் போதாமல், இந்தியச் சிங்கங்களும் வேண்டியிருந்தன.

அவ்வளவு கனமான சான்று கையில் இருந்தும் 1025-இல் அதே ராசேந்திரன் கடாரத்தின் மேல் படையெடுத்தான் என்பது வேறு விஷயம். என் கூட்டாளி அப்படிப்பட்டவர் இல்லை.

மூன்று வாரம் கழித்து, மறுபடி எல்லாச் சாப்பும் அடித்த காகிதக் கட்டை அம்மா மடியில் வைத்துப் புரட்டினார். “உன் சூராட் பெரானாக்லகூட இத்தனை சாப்பு கெடையாதுடா.” பிறப்புச் சான்றிதழைச் சொன்னார். கூரியரில் போட்டேன். பத்தாம் நாள் ஆடிட்டர் அழைத்தார். குரலில் குழைவு.

“சார், ஒண்ணு கவனிக்காம விட்டுட்டேன். மலேசியா காமன்வெல்த் நாடுல்ல? 2014 கம்பெனி விதிகள்ல 13-ஆவது விதி இருக்கு. காமன்வெல்த்துல இருந்து கையெழுத்துப் போடறவங்களோட கையெழுத்துக்கும் அடையாளச் சான்றுக்கும் அந்த ஊர் நோட்டரியே போதுமாம்.”

அந்த நோட்டரியின் அலுவலகம் என் கடையிலிருந்து நடக்கிற தூரம். கெடாவிலிருந்து தமிழ்நாட்டில் கம்பெனி தொடங்கப் போகிறவர்களே, ‘மலேசியா காமன்வெல்த் நாடுதானே?’ என்று ஆடிட்டரை முதலில் கேளுங்கள். ரயில் டிக்கெட் அப்புறம் வாங்கலாம்.