அரை லிட்டர் அண்ணாச்சி

தென்காசி, வள்ளியூர், மார்த்தாண்டம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் அரை லிட்டர் அண்ணாச்சி இல்லாத வீடு குறைவு. வாழைக்கு மருந்தடிக்க ஒரு பவர் ஸ்பிரேயர், வரப்பைச் சுத்தம் செய்ய ஒரு புல் வெட்டும் மெஷின், கரண்ட் போனால் இருக்கட்டும் என்று ஒரு சின்ன ஜெனரேட்டர். மூன்றும் பெட்ரோல் குடிப்பவை. மூன்றும் வருஷத்தில் பாதி நாள் சாக்குப் போர்த்திக்கொண்டு கிடப்பவை. வேலை முடிந்ததும் டேங்கில் மிஞ்சும் அரை லிட்டரை அண்ணாச்சி அப்படியே விட மாட்டார். லிட்டர் நூறு ரூபாய் விற்கிற சாமான். வடித்து, காலித் தண்ணீர் பாட்டிலில் அடைத்து, மூடிக்கடியில் பாலிதீன் துண்டு வைத்து இறுக்கி, அதன்மேல் நூலும் சுற்றி, பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது என்று அடுப்படிப் பரணில் ஏற்றிவைப்பார். ‘விஷம்’ என்று எழுதி ஒட்டுகிற அண்ணாச்சிகளும் உண்டு. பரணுக்கு நேர் கீழே காஸ் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

இவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்வது அநியாயம். பொறுப்பில்லாதவன் எவனாவது பாட்டில் மூடிக்கு நூல் சுற்றுவானா? அவருடைய கோளாறு வேறு. மண்ணெண்ணெயிடம் படித்த பாடத்தைப் பெட்ரோலிடம் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார். ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்று வளர்ந்த தலைமுறை அது. மண்ணெண்ணெய் சாதுவான சரக்கு. சுமார் 35 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். மூலையில் மாதக்கணக்கில் கிடந்தாலும் ஸ்டவ்வை எரியவைக்கும். சிந்தாமல், திருடு போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். பெட்ரோலுக்கு அந்தக் கணக்கு மைனஸ் 40 டிகிரி. வள்ளியூர் வெயில் இருக்கட்டும், ஊட்டி உறைபனியிலும் அது ஆவி விட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே பறந்து போகாது; பரணிலிருந்து இறங்கி, தரையோடு தரையாகப் படர்ந்து, நெருப்பு இருக்கிற இடத்தைத் தானே போய்ப் பார்க்கும். நம் பெட்ரோலியச் சட்டம் 1934-ல் பிறந்தது. அதற்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மண்ணெண்ணெய் சேரும் ‘பி’ வகுப்பை லைசென்ஸ் இல்லாமல் 2,500 லிட்டர் வரை வைத்துக்கொள்ள விடுகிறது. பெட்ரோல் சேரும் ‘ஏ’ வகுப்பை, அதுவும் விற்பனைக்காக இல்லையென்றால், 30 லிட்டரோடு நிறுத்திவிடுகிறது. அந்த முப்பதையும் இறுக்கி மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகப் பாத்திரத்தில்தான் வைக்கவேண்டும். கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டரைத் தாண்டக்கூடாது, உலோகம் 25 லிட்டரைத் தாண்டக்கூடாது. ஆக, வீட்டு ஊறுகாய் ஜாடிக்குக்கூடச் சட்டத்தில் இடம் உண்டு. தண்ணீர் பாட்டிலுக்கு இல்லை.

வடிக்கிற வைபவத்திலும் மண்ணெண்ணெய்க் காலம் தெரியும். மெஷினை நிறுத்திய சூட்டோடு, சைலன்சர் கை வைக்க முடியாமல் கொதிக்கும்போதே, திண்ணையில் குந்தி உட்கார்ந்து ஒரு ரப்பர் டியூபை டேங்குக்குள் விடுவார். மறுமுனையை வாயில் வைத்துக் கன்னம் ஒட்ட ஓர் இழுப்பு. பெட்ரோல் நாக்கைத் தொட்டதும் டியூபைச் சட்டென்று பாட்டிலுக்குள் திருப்பிவிட்டு, முற்றத்தில் காறித் துப்பி, வாய் கொப்பளிக்க ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பார். இதை ஒரு திறமையாகவே மதிக்கிறார்கள். துளி பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கினாலே அங்கே புண்ணாகி மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும் என்பதோ, விழுங்கியவரை உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தால் அது இரண்டாவது முறையாக நுரையீரலுக்கு வழி தேடும் என்பதோ அந்த மதிப்பீட்டில் சேராது. இத்தனைக்கும் வாயே தேவையில்லை. பல சின்ன இன்ஜின்களில் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் வடிப்பதற்கென்றே ஒரு ஸ்குரூ இருக்கிறது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, திறந்தவெளியில், கீழே ஒரு தகரப் பாத்திரத்தை வைத்து அதைத் தளர்த்தினால் டேங்கே இறங்கிவிடும். இன்னும் சுலபமான வழி, டேங்கின் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு இன்ஜினை அது தானாக நிற்கும்வரை ஓடவிடுவது. கார்புரேட்டரில் கிடப்பது எரிந்து தீர்ந்துவிடும். அண்ணாச்சிக்கு இந்த இரண்டாவது வழியைக் கேட்டாலே வயிறு எரியும். வேலையில்லாமல் மெஷினை ஓடவிடுவதா?

‘முப்பது வருஷமா இப்படித்தாம்டே செய்யுதேன், என்ன ஆயிப்போச்சு?’ என்பது அவருடைய முதல் வாதம். லேசான வாதமல்ல, முப்பது வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்கான பெருமை அவருக்குப் போகக்கூடாது. பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் ஒன்றரை சதவீதத்துக்குக் குறைந்தால் பிடிக்காது. ஏழரைக்கு மேல் போனாலும் பிடிக்காது. (ஏழரையை ஜோசியர் யாரும் நிர்ணயிக்கவில்லை.) ஓட்டு வீட்டின் இடுக்குகளும் எப்போதும் திறந்தே கிடக்கும் பின்கட்டுக் கதவும் அந்த ஆவியை ஒன்றரையை எட்ட விடாமல் முப்பது வருஷமாகக் கலைத்து வந்திருக்கின்றன. மகன் வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய புது வீட்டில் ஓட்டு இடுக்கு ஏது? அலுமினியச் சன்னல்கள் கொசுவுக்காக இறுக்கிச் சாத்திக் கிடக்கின்றன. மூலையில் ஃபிரிட்ஜ் தானாக ஓடி நின்று, சுவிட்சுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு பொறி விடுகிறது. வீடு மாறிவிட்டது, அண்ணாச்சியின் பரண் மட்டும் மாறவில்லை.

சரி, ஆபத்தையே ஒதுக்கிவைப்போம், சிக்கனமாவது மிஞ்சுகிறதா? அதுவும் இல்லை. மண்ணெண்ணெயைத் தங்கம்போல் பூட்டிவைக்கலாம். பெட்ரோல் பால் மாதிரி, கெட்டுப்போகிற சரக்கு. எளிதில் பற்றுகிற பகுதி முதலில் ஆவியாகிப் போய்விடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து மெல்லப் பிசினாகும். இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். 2022-ல் பத்து சதவீதத்தைத் தொட்ட கலப்பு, 2025-ல் இருபதுக்கு வந்துவிட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் தீராத ஆசை. மழைக்கால ஈரக்காற்றிலிருந்தே இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும், இன்ஜின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பழைய மெஷின்களின் ரப்பர் டியூபுகளையும் அது விட்டுவைப்பதில்லை. இது போதாதென்று, ஸ்பிரேயரில் வடித்த 2டி ஆயில் கலந்த பெட்ரோலையும் ஜெனரேட்டரில் வடித்த வெறும் பெட்ரோலையும் அண்ணாச்சி ஒரே பாட்டிலில் சேர்த்திருப்பார். ஜெனரேட்டருக்கு அதை ஊற்றினால் புகை மண்டும். ஸ்பிரேயருக்கு ஊற்றினால் ஆயில் பற்றாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்ற பிறகு மெக்கானிக் வருவான். கிண்ணத்தைக் கழற்றி, பச்சையும் பழுப்புமாக ஒட்டிக் கிடப்பதைச் சுரண்டி, ஊசி நுழையாத ஜெட் துளையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, ‘பெட்ரோல் கெட்டுப் போச்சு அண்ணாச்சி’ என்பான். ‘பெட்ரோல் எங்கயாவது கெடுமாடே? பங்க்காரன் கலப்படம் பண்ணியிருப்பான்’ என்பார் இவர். ஐம்பது ரூபாய்ப் பெட்ரோலைக் காப்பாற்ற ஐந்நூறு ரூபாய்க் கூலி என்ற கணக்கை அவர் போடவே மாட்டார். கூலி மெஷின் செலவு; பெட்ரோல் கைமுதல். இரண்டும் வேறு வேறு நோட்டு.

அவருடைய கடைசி வாதத்துக்கு மட்டும் நான் தலைவணங்குகிறேன். ‘ஒக்கி அடிச்சப்ப எங்கடே போனிய?’ 2017 நவம்பர் கடைசியில் வந்த அந்தப் புயலில் குமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது ரோடே இல்லை, பங்க் எங்கே? வீட்டில் பெட்ரோல் இருந்தவன்தான் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினான். ஆகவே வைத்திருக்கவேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஐப்பசி பிறக்கும்போது ஐந்து லிட்டர் வாங்கட்டும். தகரக் கேனைத் தரையில் வைத்து, பங்க் குழாயின் மூக்கு கேனின் வாயைத் தொட்டுக்கொண்டிருக்க நிரப்பட்டும். நிலைமின்சாரம் பொறியாகப் பாயாது. விரிவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு மூடி, வீட்டை ஒட்டாத, காற்றோட்டமுள்ள உரச் செட்டின் நிழலில் வைக்கட்டும். ஆயில் கலந்ததற்குத் தனிக் கேன். புயல் எதுவும் வராமல் தை பிறந்தால், கலக்காத பெட்ரோலைப் பைக்கில் ஊற்றி ஓட்டித் தீர்த்துவிடட்டும்.

‘காத்து வச்ச பெட்ரோல ஊர் சுத்தவா ஊத்துவேன்?’ என்று அண்ணாச்சி சீறுவார். காலேஜ் போகிற மகன் இருக்கிற வீடுகளில் இந்தப் பிரச்சினை எப்போதோ தீர்ந்துவிட்டது. வாரத்துக்கு அரை லிட்டர் அவன் பைக்குக்குப் போய்விடுகிறது. குறைந்ததைப் பார்த்து அப்பா கேட்டால் பதிலும் தயார்: ‘ஆவியாப் போயிருக்கும்ப்பா.’ மெக்கானிக் சொல்லி நம்பாததை மகன் சொல்லி அண்ணாச்சி நம்பிவிடுகிறார். மூடிக்கு இன்னொரு சுற்று நூல் சுற்றிவிட்டு, குறைந்த அரை லிட்டரைப் பங்கிலிருந்து புதிதாக வாங்கிவந்து நிரப்பியும் வைக்கிறார். அந்த வீட்டு ஜெனரேட்டர் முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆகிறது.