மரம் வெட்டிய ஊரில் மரத்தின் மேல் மீட்டிங்

ரெட்மண்ட்,
வாஷிங்டன் மாநிலம்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

 

"கம்ப்யூட்டரை விட்டா அந்த ஊர்ல வேற என்னடா தொழில்?" என்று போனில் கேட்டீர்களே, உங்கள் தொழில்தான். செங்கோட்டை மில்லில் நீங்கள் தடியை அளந்து அறுக்கிறீர்களே, அதிலே பிழைத்து வளர்ந்த ஊர் இது.

1870-களின் தொடக்கத்தில் மெக்ரெட்மண்ட், பெரிகோ என்று இரண்டு குடும்பங்கள் வந்து இறங்கின. ஆற்றில் சால்மன் மீனை வாரி எடுக்கலாம் என்கிற அளவுக்கு இருந்ததால் ஊருக்குப் பெயர் சால்மன்பர்க். அப்புறம் பெரிகோ நடத்திய விடுதியின் பெயரில் மெல்ரோஸ். மெக்ரெட்மண்டுக்கு வயிறு எரிந்திருக்கிறது. போஸ்ட்மாஸ்டர் வேலை கிடைத்ததும் மேலே எழுதிப் போட்டு, ரெட்மண்ட் என்று மாற்றிவிட்டார். நம்மூர் போஸ்ட்மாஸ்டர் கவருக்குத்தான் முத்திரை குத்துவார். இவர் ஊருக்கே குத்திவிட்டார்.

ரயில் வந்தது, மில்கள் வந்தன. நாளெல்லாம் மரம் வெட்டுகிறவன் சாயங்காலம் எங்கே போவான்? மதுக்கடைகளும் வந்தன. ஜனத்தொகை 300-ஐத் தொட்டதும், 1912 டிசம்பர் 31-ஆம் தேதி ஊரை நகராட்சி ஆக்கினார்கள். குழாய்த் தண்ணீர் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், நகராட்சி ஆனால் மதுக்கடைகளுக்கு வரி போடலாம். ஊர் தண்ணீர் குடிக்கக் குடிகாரர்கள் மொய் எழுதியிருக்கிறார்கள்! பிறகு மதுவிலக்கில் கடைகள் போயின. காடு தீர்ந்து மில்களும் போயின. கோழியும் மாடும் வளர்த்துக் காலத்தை ஓட்டினார்கள்.

1960-இல்கூட இங்கே 1,426 பேர்தான். 1963-இல் எங்களுக்கும் சியாட்டிலுக்கும் நடுவில் இருக்கும் ஏரிக்குக் குறுக்கே மிதக்கும் பாலம் வந்தது. சியாட்டிலில் வேலை பார்க்கிறவர்கள் இக்கரையில் வீடு தேடினார்கள். 1986-இல் மைக்ரோசாப்ட் வந்தது. இன்று 73,000 பேருக்கு மேல். தோசைக்கும் பஞ்சமில்லை.

அந்தக் கம்பெனியின் பழைய வளாகத்தில் ஆறாம் கட்டடம் இருந்தது, எட்டாம் கட்டடம் இருந்தது, ஏழு மட்டும் இல்லை. கட்டத் திட்டம் போட்டு விட்டுவிட்டார்களாம். புதிதாகச் சேர்ந்தவனிடம் "மீட்டிங் ஏழாம் கட்டடத்தில்" என்று சொல்லி அலையவிடுவது அந்தக் காலத்து விளையாட்டு.

ஊருக்கு வெளியே வாட்டர்ஷெட் காட்டில் நடக்கப் போனேன். ஒரு செடார் அடிக்கட்டை, நம் வீட்டுத் திண்ணை அகலம் இருக்கும். பக்கவாட்டில் என் தலை உயரத்துக்குக் கோடாரியால் வெட்டிய பொந்துகள். அதில் பலகையைச் செருகி, மேலே நின்றுகொண்டு இரண்டு பேர் வாள் இழுப்பார்களாம். அடிமரம் பருத்து, பிசின் கட்டியிருக்கும் என்று மேலே ஏறி அறுத்தது. கீழே அத்தனை உயர மரத்தை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள் சித்தப்பா! நீங்கள் பார்த்திருந்தால் கன அடிக் கணக்குப் போட்டு நெஞ்சைப் பிடித்திருப்பீர்கள்.

இப்போது கதையே வேறு. பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நிற்கும் ஃபர் மரத்தை எடுக்க நகராட்சிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். மார்பு உயரத்தில் ஆறு அங்குலக் குறுக்களவு இருந்தால் சொந்தத் தோட்டத்து மரத்தையும் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. ஒரு காலத்தில் இந்த ஊரில் ஆறு அங்குல மரத்தை மரம் என்றே மதித்திருக்க மாட்டார்கள். 2017-இல் மைக்ரோசாப்ட் வளாகத்தில் மரங்களின் மேல் வீடுகள் கட்டினார்கள். ஆட்கள் லேப்டாப்போடு மேலே ஏறி மீட்டிங் போடுகிறார்கள். தாத்தா காலத்து ஆட்கள் பலகை போட்டு ஏறியதற்காவது ஒரு தடி கீழே விழுந்தது.

மில் இடத்தை விலைக்குக் கேட்டு யாரோ வந்தானாமே, சித்தி சொன்னாள். விலையைச் சொல்வதற்கு முன்னால், அவன் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரனா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்
குமார்