ரேடியோவுக்கு ஒரு எலிமினேட்டர்

எண்பதுகளில் எங்கள் வீட்டு டிரான்சிஸ்டர் நாலு பேட்டரிக் கட்டையில் பாடியது. கட்டை தீரத் தீரப் பாட்டு கம்மிப்போகும். புதுக் கட்டைக்கு அப்பாவிடம் காசு கேட்க மனம் வராமல்தான், பேட்டரிக்குப் பதிலாக வீட்டு மின்சாரத்தில் ரேடியோவை ஓட்டும் எலிமினேட்டர் செய்ய இறங்கினேன்.

சென்னை ரிச்சி தெருவில் எல்லாம் கிடைத்தது: 9-0-9 டிரான்ஸ்பார்மர், இரண்டு 4007 டயோடு, 1000 மைக்ரோஃபாரட் கண்டென்சர், 7806 ஐ.சி. "கண்டென்சரை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை ரேடியோவை மாட்டிக் கேளு தம்பி" என்றார் கடைக்கார அண்ணன். கேட்டேன். பாட்டுக்கு மேல் ஒரே உறுமல். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. டயோடுகள் இரண்டு பாதியையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால் நொடிக்கு 100 மேடு. அந்த மேடுபள்ளம்தான் உறுமியது. கண்டென்சரைப் பற்றவைத்ததும் உறுமல் அடங்கி, பாடகியின் குரல் மட்டும் நின்றது. ஏ.சி. டி.சி. ஆவதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, காதால் கேட்டேன்.

கணக்கும் அப்போதுதான் புரிந்தது. டிரான்ஸ்பார்மர் தரும் 9 வோல்ட்டின் உச்சம் 12.7, டயோடு 0.7 எடுத்துக்கொள்ள, கண்டென்சரில் 12 நிற்கும். ஐ.சி. அதில் 6-ஐ ரேடியோவுக்குக் கொடுத்து, மீதி 6-ஐச் சூடாக்கித் தள்ளும். சரிபாதி வீண்!

இன்றைய போன் சார்ஜரில் அந்த வீண் இல்லை. 230 வோல்ட்டை நேராக 325 வோல்ட் டி.சி. ஆக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டாடி, சுண்டுவிரல் அளவு டிரான்ஸ்பார்மரில் இறக்குகிறது. 5 வேண்டுமா, 9 வேண்டுமா என்று போனையே கேட்டுக்கொள்ளும் வகையும் உண்டு. அருமையான வேலை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் பாதியை வீணடித்த பெட்டியின் ஒவ்வொரு கம்பியும் எனக்குத் தெரியும். வீணடிக்காத இது வீடு முழுக்கக் கிடக்கிறது, உள்ளே என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒட்டி மூடியதைத் திறக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட் தங்கியிருக்கலாம்.

ஆகவே பெற்றோரே, பிள்ளைக்கு அந்தப் பழைய எலிமினேட்டரையே செய்யக் கொடுங்கள். மெயின் பக்கம் ஃப்யூஸ் போட்டு, 230 வோல்ட் இணைப்புகளைப் பெட்டிக்குள் மூடி, விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கண்டென்சரை மட்டும் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள்.