வானத்து வள்ளல்கள்

கடையெழு வள்ளல்களோடு கொடை முடிந்துபோனது என்று நினைத்திருந்தோம். எட்டாவது வள்ளல் 1981 மே மாதம் அமெரிக்காவில் அவதரித்தார். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கிய மாதம் அது. எங்களோடு பறந்துகொண்டே இருங்கள், மைல் சேரும், ஒருநாள் காசில்லாமல் பறக்கலாம் என்றார்கள். மற்ற கம்பெனிகளும் கடை விரித்தன. இன்று பறக்கக்கூட வேண்டாம். பெட்ரோல் போட்டு கிரெடிட் கார்டைத் தேய்த்தாலே மைல். அள்ளிக் கொடுப்பதில் ஒரு குறையும் இல்லை. கொடுத்ததை வைத்துக்கொண்டு சீட் கேட்கும்போதுதான் வள்ளலின் சுயரூபம் தெரியும்.

நியூஜெர்சியில் இருக்கும் நம்மவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வரும் அம்மாவுக்கு மூட்டுவலி. கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வரட்டுமே என்று, வருடக்கணக்கில் சேர்த்த மைலை நம்பி போன் போடுகிறார். அரை மணி நேரப் பாட்டுக் கச்சேரிக்குப் பிறகு ஒரு குரல் வருகிறது.

"பிசினஸ் கிளாஸ்ல அவார்டு சீட் இல்லை சார்."

"பாதி சீட் காலின்னு உங்க வெப்சைட்டே காட்டுதே?"

"அதெல்லாம் காசுக்கு சார்."

"மைலுக்கு ஒண்ணுகூடவா இல்லை?"

"ஒண்ணு இருக்கு. நாலு மடங்கு மைல் ஆகும்."

"போன மாசம் அப்படி இல்லையே!"

"இன்னிக்கு ரேட் இதுதான் சார்."

நாளைய ரேட் அந்தக் குரலுக்கும் தெரியாது. முன்பெல்லாம் எந்த ஊருக்கு எத்தனை மைல் என்று பட்டியல் இருக்கும். டெல்டா 2015-இல் அதைத் தூக்கியது. யுனைடெட் 2019-இல் தூக்கியது. விலைப்பலகையைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, வாடிக்கையாளரின் கண்ணைப் பார்த்து விலை சொல்லும் இந்த வியாபாரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'லாயல்டி'. விசுவாசம் முழுக்க நம் பக்கம்.

இலவசமாகக் கிடைத்ததற்கு இத்தனை புலம்பலா என்பவர்களுக்கு ஒரு கணக்கு. இந்த மைல்களைக் கார்டு கம்பெனிகள் விமானக் கம்பெனிகளிடம் காசு கொடுத்து வாங்குகின்றன. 2024-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து டெல்டாவுக்கு வந்தது 700 கோடி டாலருக்கு மேல். அந்தப் பணம் கடைக்காரரிடம் பிடிக்கும் கமிஷனிலிருந்தும் நாம் கட்டும் கார்டு கட்டணத்திலிருந்தும் வட்டியிலிருந்தும் வருகிறது. கடைக்காரர் அதைப் பொருளின் விலையில் ஏற்றி நம்மிடமே வசூலிக்கிறார். இதில் இலவசம் எங்கே இருக்கிறது?

சாமர்த்தியத்தைப் பாருங்கள். நம்மிடம் நீட்டும் விதிமுறையில் மைலுக்குப் பண மதிப்பே கிடையாது; அது கம்பெனியின் சொத்து. கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலோ அதே மைல் நமக்குத் தர வேண்டிய பாக்கி. 2020-இல் கொரோனா வந்து விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடகு வைத்து 680 கோடி டாலர் கடன் வாங்கியது. திட்டத்தின் மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர் என்று காட்டினார்கள். அன்றைக்குப் பங்குச் சந்தையில் மொத்தக் கம்பெனியின் மதிப்பே அதைவிடக் குறைவு! கடன் கொடுப்பவனிடம் தங்கம், அம்மாவுக்கு சீட் கேட்கும் மகனிடம் செல்லாக்காசு.

கோர்ட்டுக்குப் போகலாமே? பயணிகள் போனார்கள். 1988-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஏற்கெனவே சேர்த்த மைலுக்கும் சேர்த்து, அவார்டு சீட்டுக்கு வரம்பும் தடை நாட்களும் கொண்டுவந்தது. 1995-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது: மாநில நுகர்வோர் சட்டம் இதில் செல்லாது, ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று மட்டும் வழக்குப் போடலாம். ஒப்பந்தத்தை எழுதுவது யார்? எந்த விதியையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்று அதில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போயிற்று.

இன்னொருவர் கின்ஸ்பெர்க், யூத மதகுரு. நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸின் பிளாட்டினம் உறுப்பினர். அடிக்கடி புகார் சொல்கிறார் என்று 2008-இல் உறுப்பினர் பதவியைப் பறித்தார்கள். நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ள வேண்டாமா என்று கேட்டு வழக்குப் போட்டார்; அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் வழக்கை நிராகரித்தார்கள். விமானக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த 1978-இல் வந்த சட்டம் குறுக்கே நிற்கிறதாம். பிடிக்காதவர்கள் வேறு கம்பெனியின் திட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆலோசனை வேறு. நல்லெண்ணத்திலிருந்து சட்டப்படி விலக்கு வாங்கிய வள்ளல்கள் உலகில் வேறு யாரும் இருக்க முடியாது.

2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நான்கு பெரிய கம்பெனிகளிடம் இந்தத் திட்டங்களைப் பற்றி விளக்கம் கேட்டது. விளக்கம் போதாது, சட்டம் வேண்டும். ஒவ்வொரு விமானத்திலும் மைலுக்கு எத்தனை சீட் என்று வெளியே சொல்லட்டும். சேர்த்துவிட்ட மைலின் மதிப்பைப் பின்னால் குறைக்கத் தடை வரட்டும்.

அதுவரை மைலைப் பூட்டிவைத்து அழகு பார்க்காதீர்கள். கிடைக்கிற சீட்டில் செலவழித்துத் தீருங்கள். போனில் கேட்கும்போது குழைய வேண்டாம், கும்பிட வேண்டாம். அவர்கள் கணக்கிலேயே அது உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. கடன் கொடுத்தவன் கேட்பதுபோலக் கேளுங்கள்.