கடல் பார்த்த படுக்கை

பெசன்ட் நகரில் கடல் பார்த்த ஃபிளாட்டுக்குக் கோடிகள் வேண்டும். வண்டியிலேயே படுத்தால் பெட்ரோல் செலவோடு போச்சு என்று சிலர் கிளம்பிவிட்டார்கள்: கூரைமேல் கூடாரம், டிக்கியில் மெத்தை. கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை அறிவித்தது. பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில் ரோந்து ஜீப்தான் கொள்கை. ராத்திரி பத்து தாண்டினால் ஷ்மிட் நினைவு மண்டபம் மட்டுமே மணலில் நிற்கலாம். அதுவும் 1930-ல் ஒருவரைக் காப்பாற்றப் போய் மூழ்கியவர் பெயரில் இருப்பதால். மற்றவர்களுக்கு, "சார், வீடு எங்க? கிளம்புங்க." கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் அடையாற்றுக் கொசு.

நாலு தெரு தள்ளி ஓர் ஆட்டோ. பின்சீட்டில் முதுகு, முன்கம்பியில் கால், கீழே கொசுவத்தி, அதே கடல்காற்று. அவரை ஜீப் எழுப்புவதில்லை. நாம்தான் எழுப்புகிறோம்: "அண்ணா, திருவான்மியூர் வருவீங்களா?"

கண்ணைத் திறக்காமலே, "முந்நூறு."