கூறு போடத் தெரிஞ்சா பண்ணை வை

பேராண்டி, கிருஷ்ணன்கோவில் முக்குல டீ குடிச்சுக்கிட்டே கூட்டுப் பண்ணைக்கு ஆள் சேத்துட்டீகளாம். நல்லது. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்: வெள்ளாமை வீடு வந்தா யாருக்கு எம்புட்டு?

"எல்லாருக்கும் சமம் தாத்தா"ங்கிறே. அடேங்கப்பா! ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆடிப்பூரத் தேர் இழுக்கையில, வடத்தைத் தொட்டுக்கிட்டு நடந்தவனுக்கும் தோள் தேய இழுத்தவனுக்கும் ஒரே புண்ணியந்தான். ஆண்டாளு ஆஜர் எடுக்கிறதில்ல. மக்காச்சோளத்துக்கு அம்புட்டுப் பெரிய மனசு கிடையாதுடா.

சீனாக்காரன் 1958-ல கம்யூன்னு பெரிய கூட்டுப் பண்ணை வச்சான். ஊருக்கே ஒரு அடுப்பு, காசில்லாச் சோறு. பந்திக்கு முந்தினவனெல்லாம் படைக்குப் பிந்திட்டான். பின்னாலயே வந்த பஞ்சத்துல கோடிக்கணக்குல சனம் செத்துச்சு; அதைக் கேலி பேச எனக்கு வாய் வராது. வேலைக்குப் புள்ளியும் போட்டாக: ஆம்பளைக்கு நாளைக்குப் பத்து, பொம்பளைக்கு ஏழோ எட்டோ. வருசக் கடைசியில அரசாங்கத்துக்கு அளந்தது, விதை, சேமிப்பு எல்லாம் போக, மிஞ்சின தானியத்துல தலைக்கு இம்புட்டு, புள்ளிக்கு இம்புட்டு. காட்டுல நின்னாலே புள்ளி விழுந்துச்சு, மம்பட்டி விழுந்துச்சான்னு யாரு பாத்தா? 1978 கடைசியில சியாவ்காங் கிராமத்துல 18 சம்சாரிக ரகசியமா கைநாட்டு வச்சு, நிலத்தை வீட்டுவாரியாப் பிரிச்சுக்கிட்டாக.

இஸ்ரேல்ல 1910-ல ஆரம்பிச்ச தெகானியாதான் முதல் கிபுட்ஸ், அதாவது கூட்டுப் பண்ணைக் கிராமம். அவனவன் தேவைக்குத் தக்கனதான் அங்க பங்கு. அவுகளும் 2007-ல வேலைக்குத் தக்கன சம்பளம்னு மாறிட்டாக.

நம்ம தமிழ்நாட்டு அரசாங்கம் 2017-18-ல கொண்டாந்த கூட்டுப் பண்ணையம் சூதானமானது. நிலமும் வெள்ளாமையும் அவனவனுது. 20 பேர் ஒரு ஆர்வலர் குழு. அஞ்சு குழு சேந்தா 100 பேர் உற்பத்தியாளர் குழு. மிஷின் வாங்க 5 லட்சம் குடுத்தாக. பங்குச் சண்டையே வராதுன்னு நெனைக்காத. புரட்டாசியில ஒரு மழை பெய்யட்டும், ரோட்டவேட்டர் முதல்ல யாரு காட்டுக்குன்னு பாப்போம். தலைவர் காடு முடிஞ்சு, தலைவர் மச்சினன் காடும் முடியிறதுக்குள்ள உன் ஈரம் காஞ்சிரும்.

பால் சொசைட்டியில ஏன் அந்தத் தகராறு கம்மி? ஊத்தின அளவையும் கொழுப்பையும் பாத்துக் காசு. கொழுப்பு பால்ல இருந்தா ரூவா, குழுத் தலைவர்கிட்ட இருந்தா ரகளை.

அதனால விதைக்கு முந்தி மூணு விசயத்தை எழுதி வச்சுக்க. யாரு எத்தனை மணி நேரம் பாத்தாகன்னு அன்னன்னைக்கே எல்லாரு கண்ணுல படுற மாதிரி எழுது. களையெடுக்கிற பொம்பளைக்கும் அதே கணக்கு. கிழடு, சீக்காளி, கைப்புள்ளக்காரிக்கு முதல்லயே எடுத்து வை. அதுக்குத் தர்மம்னு பேர் வைக்காத, அதுவும் பங்குதான். மூணாவது, கூறு போடுறவன் கடைசியா எடுக்கணும். அப்புறம் பாரு, கூறு இம்மி பிசகாது.

யோசனை சொன்னதுக்குக் கூலியெல்லாம் வேணாம் பேராண்டி. களத்துல நான் தராசைத் தொடவே மாட்டேன்; அதனால முதல் கூறு எனக்கு!